ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கும் காலம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கருத்தரங்கின் இன்றைய பொருள் காத்திருத்தல். பேருந்துக்குக் காத்திருப்பதும், மருத்துவமனையில் எண் கூப்பிடும் வரை காத்திருப்பதும் எல்லோருக்கும் பழகிப்போனவை. இங்கே பேசப்படுவது வேறு வகைக் காத்திருப்பு. உளவியல் துறையில் மேற்படிப்புப் படிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனு செய்துவிட்டு, பதில் வருமா வராதா என்று தெரியாமல் நான்கைந்து மாதங்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே இருக்கும் பிள்ளைகளின் காத்திருப்பு. பிறர் மனத்தைப் படிக்கப் புறப்பட்டவர்கள் முதலில் தங்கள் மனத்தோடு போராட வேண்டிய காலம் அது.

எத்தனை வீடுகளில் இந்த நிலை இருக்கப்போகிறது என்று சிலர் கேட்கலாம். மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற மூன்றைத் தவிர வேறு படிப்பே இல்லை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று நம் பிள்ளைகளில் பலர் உளவியலை விரும்பி எடுக்கிறார்கள். அமெரிக்கப் பட்டப்படிப்பின் முதல் பகுதியை மலேசியக் கல்லூரியில் முடித்து, எஞ்சியதை அமெரிக்காவில் படிக்கும் வழியும் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த வழியில் போனவர்களுக்குப் பட்டம் கையில் கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. இளங்கலைப் பட்டம் மட்டும் இருந்தால் உளவியல் நிபுணராகிவிட முடியாது. மலேசியாவில் ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவ உளவியல் நிபுணர்கள் 2016-ஆம் ஆண்டின் சார்பு சுகாதாரத் தொழில் சட்டத்துக்குள் வருகிறார்கள். அமெரிக்காவிலோ, உளவியல் நிபுணர் என்ற பெயரில் சுயமாகத் தொழில் செய்யப் பொதுவாக முனைவர் நிலைப் பட்டமே தேவைப்படுகிறது. ஆக, மேற்படிப்புக்கான அந்தக் கடிதம் வெறும் கடிதமல்ல. அது ஒரு வாழ்க்கைத் தொழிலின் வாசல்.

வாசல் ஏன் இவ்வளவு குறுகல்?

அமெரிக்காவில் மருத்துவ உளவியலுக்கான முனைவர் பயிற்சியின் அடித்தளம் 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில் போடப்பட்டது. உளவியல் நிபுணர் ஒருவர் ஆய்வாளராகவும் இருக்க வேண்டும், நோயாளிகளைக் கவனிப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே எடுக்கப்பட்ட முடிவு. அதனால் ஒவ்வொரு மாணவரும் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஆய்வும் செய்து, சிகிச்சைப் பயிற்சியும் பெற்று, ஐந்தாறு ஆண்டுகளில் படிப்பை முடிக்கிறார். அதில் ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சி.

இத்தகைய முனைவர் படிப்பில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுக்கின்றன. ஒரு பேராசிரியர் ஓராண்டில் ஒரே ஒரு மாணவரை எடுப்பார். சில ஆண்டுகளில் ஒருவரையும் எடுக்கமாட்டார். ஒரு துறைக்கு நூற்றுக்கணக்கில் மனுக்கள் வந்து குவிய, உள்ளே போகிறவர்கள் ஐந்து முதல் பத்துப் பேர்தான். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதைவிட இது கடினம் என்று அந்தத் துறையினரே சொல்வதுண்டு.

இதனால்தான் மாணவர்கள் ஒரே இடத்தை நம்பாமல் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு மனு செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. சராசரியாக 80 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டாலும் பத்து இடங்களுக்கு 800 டாலர். மலேசிய வெள்ளியில் மூவாயிரத்தைத் தாண்டிவிடும். மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வு நோக்கத்தை விளக்கும் கட்டுரை, மதிப்பெண் சான்றிதழ்கள் என்று தயாரிப்பு வேலையே ஓராண்டுக்கு நீளும். சோறு ஆக்குவது இந்தப் பகுதி. ஆறப் பொறுப்பது அதற்குப் பின்னால் வருகிறது. ஆக்கப் பொறுத்தவரால் ஆறப் பொறுக்க முடியவில்லை என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது சும்மாவா?

மூன்று திருநாள்களும் ஒரு கெடுவும்

எஸ்டிபிஎம் முடித்துவிட்டு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மனு செய்த பிள்ளைக்கு ஒரு நாள் குறிக்கப்படும். அந்த நாளில் எல்லோருக்கும் முடிவு தெரிந்துவிடும். சிரிப்போ அழுகையோ ஒரே நாளில் முடிந்துபோகும். அமெரிக்க மேற்படிப்பில் அப்படி ஒரு பொது நாள் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு துறையும், சில வேளைகளில் ஒவ்வொரு பேராசிரியரும் தனித்தனிக் காலக் கணக்கில் நடக்கிறார்கள்.

நம் வீட்டு நாள்காட்டியில் அதைப் பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் மனுவின் கடைசி வடிவம் தயாராக வேண்டும். மருத்துவ உளவியல் துறைகள் பலவற்றில் கெடு டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து தைப்பூசக் காலம் வரை நேர்முகத் தேர்வுக்கான அழைப்புகள் வரும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நேர்முகத் தேர்வுகள் நடக்கும். முன்பெல்லாம் விமானம் ஏறிப் போக வேண்டியிருந்தது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு பல துறைகள் காணொளி வழியாகவே பார்த்துவிடுகின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முதல் சுற்று அனுமதிகள் வெளிவரும். அதன் பிறகு காத்திருப்போர் பட்டியல் மெல்ல நகரும்.

இறுதியாக வருவது ஏப்ரல் 15. நிதியுதவியோடு அனுமதி கொடுக்கும் பல்கலைக்கழகம், அந்த நாளுக்கு முன்பே முடிவைச் சொல் என்று மாணவரை நெருக்கக்கூடாது என்று அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் ஓர் உடன்பாடு வைத்திருக்கிறது. பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நம்மவர்கள் சித்திரைப் புத்தாண்டைக் கொண்டாடும் ஏப்ரல் 14, அங்கே காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு துடிக்கும் நாள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முடியும்போது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏப்ரல் 16 நண்பகல்.

இந்த நேர வேறுபாடு தனித் துன்பம். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே இரவு 10 மணி. அது மாலை 5 மணிக்கு மூடும்போது இங்கே விடியற்காலை 6 மணி. எல்லாச் செய்தியும் தூங்கும் நேரத்தில்தான் வரும் என்பதால், பட்டம் முடித்து வீடு திரும்பி மனு செய்த பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்து பகலெல்லாம் சோர்ந்து கிடக்கிறது. பிள்ளை சோம்பேறியாகிவிட்டது என்று வீட்டில் குறை சொல்கிறார்கள். காரணம் கடிகாரத்தில் இருக்கிறது.

மௌனத்தின் பொருள் என்ன?

காத்திருப்பவரை மிகவும் வாட்டுவது மௌனம். ஒரு மாதம் பதில் இல்லை என்றால் மனம் தானாகவே ஒரு பதிலை எழுதிக்கொள்ளும். 'நான் தகுதியில்லாதவன்' என்பதே பெரும்பாலும் அந்தப் பதில்.

அந்தப் பக்கம் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த எண்ணம் கொஞ்சம் அடங்கும். மனுக்கள் வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு பேராசிரியரும் தம் பெயரைக் குறிப்பிட்டவர்களின் மனுக்களைப் பிரித்துப் படிக்கிறார். அது விடுமுறைக் காலம். பாடம் நடத்துவதும் ஆய்வு மானியத்துக்கு எழுதுவதும் அவருக்கு அதே நேரத்தில்தான் வந்து சேரும். படித்து முடித்தபின் மூன்று நான்கு பேரை நேர்முகத்துக்கு அழைக்கிறார். இறுதியில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். எஞ்சியவர்களுக்கு உடனே மறுப்புக் கடிதம் போவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் அடுத்தவரை அழைக்க வேண்டுமே! அதனால் பட்டியல் திறந்தே இருக்கும். முறையான மறுப்புக் கடிதம் மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். சில இடங்களிலிருந்து அதுவும் வராது.

தகுதியோடு தொடர்பே இல்லாத காரணங்களும் உண்டு. மனு செய்த பேராசிரியருக்கு அந்த ஆண்டு ஆய்வு மானியம் கிடைக்காமல் போயிருக்கலாம். அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருக்கலாம். சிறுவர் மனநலம் ஆராய விரும்பும் மாணவர், முதியோரின் நினைவாற்றலை ஆராயும் பேராசிரியரின் பெயரை எழுதியிருந்தால், எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் பொருத்தம் இல்லை என்றே ஒதுக்கப்படும். நம் வீடுகளில் பொருத்தம் பார்ப்பது போலத்தான். பொருந்தவில்லை என்பதால் பெண்ணோ பிள்ளையோ குறைந்துபோவதில்லை.

உலக நிலவரமும் உண்டு. கோவிட் காலத்தில், 2021-ஆம் ஆண்டுச் சேர்க்கையைப் பல துறைகள் நிறுத்திவைத்தன. 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் ஆய்வு மானியங்களின் மறைமுகச் செலவுக்கு 15 விழுக்காடு என்ற உச்சவரம்பை அறிவித்தது. அது நீதிமன்றம் வரை போனது. அந்தக் குழப்பத்தில் சில பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையை இடையிலேயே நிறுத்திவைத்தன. அதே ஆண்டு மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் நாள்கள் சில வாரங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இதையெல்லாம் கோலாலம்பூரில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் 23 வயதுப் பிள்ளையின் குறையென்று சொல்ல முடியுமா?

ஒரு நடைமுறைக் குறிப்பும் இங்கே தேவை. பொதுவாகப் பிப்ரவரி நடுப்பகுதி வரை மருத்துவ உளவியல் துறையிலிருந்து நேர்முக அழைப்பு வரவில்லை என்றால், அந்த இடத்தில் வாய்ப்பு மிகக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். நேர்முகம் முடிந்தவர் நன்றி சொல்லி ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புவது நல்ல வழக்கம். சொன்ன நாள் கடந்துபோனால் துறை ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு முறை பணிவாகக் கேட்கலாம். வேறோர் இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது, அங்கே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது என்பது கேட்பதற்கு நியாயமான காரணம். வாரந்தோறும் எழுதினால் காரியம் கெடும்.

உளவியல் என்ன சொல்கிறது?

காத்திருத்தலைப் பற்றி உளவியல் துறையே ஆராய்ந்திருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 45 பேர் கணினி விளையாட்டு ஒன்றில் கலந்துகொண்டனர். ஒரு பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி கொடுக்கப்படும். அதிர்ச்சி உறுதியாக வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்தில்தான் அவர்களுக்கு மன அழுத்தம் உச்சத்துக்குப் போனது. கெட்ட செய்தியைவிடச் செய்தியற்ற நிலை மனத்தை அதிகமாக வருத்துகிறது. காத்திருக்கும் பிள்ளை சிடுசிடுப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

மின்னஞ்சலை நூறு முறை திறந்து பார்ப்பதற்கும் விளக்கம் இருக்கிறது. பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. கொத்தினால் எப்போது தீனி விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரின் கையும் அப்படித்தான். எப்போது வரும் என்று தெரியாத கடிதம், கைத்தொலைபேசியை அப்படிப்பட்ட இயந்திரமாக மாற்றிவிடுகிறது. ஆகவே பார்க்கும் நேரத்தைக் காத்திருப்பவரே முடிவு செய்துகொள்வது நல்லது. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், விடியற்காலை 3 மணிக்கு வந்த கடிதம் 7 மணிக்கும் அங்கேயேதான் இருக்கும். ஓடிப்போகாது.

கலிபோர்னியா மாநிலத்தின் ரிவர்சைட் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர் காத்திருத்தலையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர். வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதங்கள் முடிவுக்குக் காத்திருந்த 230 சட்டப் பட்டதாரிகளை அவரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கவனித்தனர். 2016-இல் வெளியான முடிவு பலருக்கு வியப்பைத் தந்தது. நல்லதே நடக்கும் என்று தேற்றிக்கொள்வது, நினைக்காமல் இருக்க முயல்வது போன்ற உத்திகள் பெரும்பாலும் கவலையைக் குறைக்கவில்லை. அதோடு, கவலைப்பட்டுக் காத்திருந்தவர்கள் கெட்ட செய்தி வந்தபோது அதை ஓரளவு சமாளித்தார்கள். நல்ல செய்தி வந்தபோது கூடுதலாக மகிழ்ந்தார்கள். அமைதியாக, நம்பிக்கையோடு காத்திருந்தவர்களைத் தோல்விதான் கடுமையாகத் தாக்கியது.

இதன் பொருள் கவலைப்படுவது நல்லது என்பதல்ல. கவலை வந்துவிட்டதே, மனத்தை அடக்கத் தெரியவில்லையே என்று அதற்காக வேறு ஒரு கவலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்பதே பொருள். காத்திருக்கும் காலத்தைக் கடக்க உதவுவதாக ஸ்வீனி குழுவினர் பிறகு கண்டது ஒன்று உண்டு. நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்துபோகும் வேலை. மிகவும் சுலபமாகவும் இல்லாமல், மிகவும் கடினமாகவும் இல்லாமல், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும் வேலையாக அது இருக்க வேண்டும். சிலருக்கு அது மிருதங்கம். சிலருக்கு வீட்டுத் தோட்டம். சிலருக்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மாலை நேர வகுப்பு எடுப்பது. திரையில் படம் ஓடவிட்டுப் பாதிக் கண்ணால் பார்ப்பது அந்த வகையில் சேராது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். டேனியல் கில்பர்ட் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டால் எவ்வளவு நாள் வருந்துவோம் என்று இளம் பேராசிரியர்களைக் கேட்டனர். அவர்கள் நினைத்த அளவுக்கு, உண்மையில் பதவி கிடைக்காமல் போனவர்கள் நெடுநாள் வருந்திக்கொண்டிருக்கவில்லை. மனத்துக்குத் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. காயம் படுவதற்கு முன் மனிதன் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

பெற்றோருக்கும் இது காத்திருப்புதான். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. தாய் தந்தை ஒருமுறை கேட்கும் கேள்வி, பிள்ளைக்கு நாற்பதாவது கேள்வி. திருமண மண்டபத்தில் பெரியம்மா கேட்பார், கோயிலில் மாமா கேட்பார், தாமானில் அடுத்த வீட்டுக்காரர் கேட்பார். "என்ன, இன்னும் பதில் வரலையா?" என்று அன்போடுதான் கேட்கிறார்கள். கேட்கப்படும் பிள்ளைக்கோ அது ஒவ்வொரு முறையும் தேர்வு முடிவு போல விழுகிறது.

ஒரு சிறு ஏற்பாடு இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கும். செய்தி ஏதும் வந்தால் பிள்ளையே வந்து சொல்லும், அதுவரை வீட்டில் யாரும் கேட்பதில்லை என்று பேசி வைத்துக்கொள்வது. உறவினர் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தாயோ தந்தையோ ஏற்றுக்கொள்வது. "ஏப்ரல் மாதம் தெரியும்" என்ற ஒரே வரி போதும். அர்ச்சனை செய்யலாம், நேர்த்திக்கடன் வைக்கலாம். ஆனால் 'உனக்காகத்தான் காவடி எடுக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லி, கிடைக்காவிட்டால் சாமியையே ஏமாற்றிவிட்டது போன்ற பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது.

ஒப்பிடுவதும் ஆகாது. உடன் மனு செய்த நண்பனுக்கு அழைப்பு வந்திருக்கலாம். அவன் மனு செய்தது வேறு துறை, வேறு பேராசிரியர். ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் இலை வேறு.

உறக்கமும் உணவும் பல வாரங்களுக்குத் தொடர்ந்து கெட்டுப்போய், பிள்ளை யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தால், வாழ்வே வேண்டாம் என்பது போல ஒரு சொல் விழுந்தால், அதைப் 'படிப்புக் கவலை' என்று விட்டுவிடக்கூடாது. மருத்துவரையோ ஆலோசகரையோ உடனே பார்க்க வேண்டும். உளவியல் படித்தவருக்கு உளவியல் உதவி எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பல் மருத்துவருக்கும் பல் வலிக்கும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவை மலேசியா 2023-இல் நீக்கிவிட்டது. உதவி கேட்பதற்கு இனி யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

கடிதம் வந்தபின்

அனுமதி வந்துவிட்டால் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியிலும் ஒரு கடமை இருக்கிறது. மூன்று இடங்களில் அனுமதி பெற்றவர் போகப்போவது ஓரிடத்துக்குத்தான். எஞ்சிய இரண்டையும் பெருமைக்காக ஏப்ரல் 15 வரை கையில் வைத்திருந்தால், அந்த இரண்டு இடங்களுக்காக இரண்டு பேர் எங்கோ தூக்கமில்லாமல் காத்திருப்பார்கள். போகப்போவதில்லை என்று முடிவானதும் அன்றே எழுதி விட்டுக்கொடுப்பதுதான் நாகரிகம். ஒருவர் விடும் இடம் இன்னொருவரை நகர்த்தும், அவர் விடும் இடம் வேறொருவரை நகர்த்தும். காத்திருப்போர் பட்டியல் நகர்வது இப்படித்தான். ஏப்ரல் 14-ஆம் தேதி இரவில் அனுமதி பெற்று, இன்று நிபுணராக இருப்பவர்களும் உண்டு.

பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் முனைவர் பட்டங்கள் இரண்டு வகை. ஆய்வோடு இணைந்த முனைவர் படிப்பில் பெரும்பாலும் நிதியுதவி உண்டு. தொழில் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட உளவியல் முனைவர் படிப்பு 1968-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1973-இல் நடந்த வேல் மாநாட்டுக்குப் பின் பரவியது. இந்த வகையில் நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் பலவற்றில் மாணவரே கட்டணம் கட்ட வேண்டும். அதிகமானோரைச் சேர்ப்பதால் இவற்றில் இடம் கிடைப்பதும் ஓரளவு சுலபம். நான்கு மாத மௌனத்துக்குப் பிறகு இப்படி ஓரிடத்திலிருந்து அனுமதி வந்ததும், வீட்டை அடமானம் வைத்தாவது, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தாவது அனுப்பிவிடலாம் என்று பெற்றோர் துணிகிறார்கள். காத்திருந்து களைத்த மனம் எடுக்கும் முடிவு அது. ஐந்து ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, பிழைப்புச் செலவு எவ்வளவு, அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா, உள்ளகப் பயிற்சி எத்தனை மாணவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, திரும்பி வந்து பெறும் சம்பளத்தில் கடனை அடைக்க முடியுமா? அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இந்த விவரங்களை வெளியிட்டாக வேண்டும். இந்தக் கணக்கைக் கடிதம் வருவதற்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போதே போட்டு வைத்துவிட வேண்டும்.

மறுப்பு வந்தால் என்ன செய்வது? முதல் ஒரு வாரம் ஒன்றும் செய்ய வேண்டாம். வருந்தட்டும். பிறகு, பரிந்துரைக் கடிதம் கொடுத்த பேராசிரியரிடம் உட்கார்ந்து மனுவைத் திரும்பிப் பார்க்கலாம். ஆய்வு அனுபவம் போதவில்லையா? பொருத்தமில்லாத பேராசிரியர்களைத் தேர்ந்தெடுத்தாயிற்றா? ஓராண்டோ ஈராண்டோ ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை செய்துவிட்டு மறுபடியும் மனு செய்து இடம் பெறுவது அமெரிக்காவிலேயே சாதாரண வழக்கம். இந்த வட்டாரத்திலும் வழிகள் இருக்கின்றன. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஹெல்ப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ உளவியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. தமிழில் பேசி நோயாளியின் மனத்தைத் திறக்கக்கூடிய நிபுணர் இங்கே தேவைப்படுகிறார். அவர் எந்த நாட்டில் படித்தார் என்று மனம் நொந்து வந்து உட்காரும் பாட்டி கேட்கப்போவதில்லை.

மேரி விட்டன் கால்கின்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குத் தேவையான அனைத்தையும் முடித்தார். பேராசிரியர்கள் அவருடைய தகுதியை ஒப்புக்கொண்டார்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காகப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. பின்னாளில் வேறொரு கல்லூரியின் பெயரில் பட்டம் தர முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. 1905-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஹார்வர்டு அவருக்கு அந்தப் பட்டத்தைக் கடைசி வரை கொடுக்கவே இல்லை. உளவியல் வரலாற்றில் அவருடைய பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு நிறுவனம் 'இல்லை' என்று சொல்வது, அந்த ஆண்டில், அந்த இடத்தில், அந்தப் பேராசிரியரிடம் இடம் இல்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அதற்கு மேல் பொருள் கற்பித்துக்கொள்ளாமல் இருக்கப் பிள்ளைக்குத் துணை வேண்டும். அந்தத் துணை முதலில் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் மறுநாள் காலையில் அதே மேசையில் அதே அன்போடு பசியாறக் கூப்பிடும் குரல் இருக்கும் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், காத்திருப்பின் பாதிச் சுமை குறைந்துவிடும்.